புகைக்குழாய்க்குப் பன்னிரண்டு பொட்டு

கோவில்பட்டி
2.11.1999

அன்பிற்குரிய அத்தான் அவர்களுக்கு,

பொன்மணி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நான், அத்தை, செல்வி மூவரும் சளி ஒன்றைத் தவிர மற்றபடி சுகமாக இருக்கிறோம். அந்தச் சளியும் பாரபட்சமில்லாமல் மூவருக்கும் சமமாகவே இருக்கிறது. ஷார்ஜாவில் உங்கள் உடம்பும், உங்கள் அறையில் இருக்கிற மற்ற ஐந்து பேர் உடம்பும் நல்லபடியாக இருக்கக் கழுகுமலை முருகனை வேண்டிக்கொள்கிறேன். ஐப்பசி பிறந்த அன்றே மழை பிடித்துக்கொண்டது. கரிசல் முழுக்கச் சேறு. வீட்டிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தால் செருப்பில் ஒட்டுகிற மண்ணில் ஆளுக்கு அரை அடி உயரம் கூடித்தான் போய்ச் சேருகிறோம்.

போன மாதம் இருபத்திரண்டாம் தேதியே எழுதியிருக்க வேண்டிய கடிதம் இது. தாமதத்துக்கு மன்னிக்க வேண்டும். மூன்று தடவை எழுத உட்கார்ந்தேன். மூன்று தடவையும் எல்லோரும் சுகம் என்கிற இடத்தோடு பேனா நின்றுவிட்டது, ஏனென்றால் அடுத்த வரியில் அந்தப் புகைக்குழாயைப் பற்றி எழுதியாக வேண்டும். நீங்கள் எழுதியிருந்தது எனக்கு மனப்பாடம். நவம்பர் பத்தாம் தேதி கம்பெனியில் அடுத்த ரெண்டு வருஷத்துக்கான ஒப்பந்தக் காகிதத்தை நீட்டுவார்கள். குழாயில் பூச்சு நன்றாகப் பிடித்து வந்தால் 'வந்துவிட்டது' என்று எழுது, கையெழுத்துப் போடாமல் ஊருக்கு வந்துவிடுகிறேன், பெங்களூர்க்காரரும் அவரைப் போல விமானம் கட்டுகிறவர்களும் தருகிற வேலையை வைத்துக் கோவில்பட்டியிலேயே பட்டறை போட்டுவிடலாம். சரியாக வராவிட்டால் வரவில்லை என்று எழுது. ஒன்றுமே எழுதாவிட்டாலும் வரவில்லை என்றுதான் எடுத்துக்கொள்வேன், இன்னும் ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிடுவேன். இதுதான் நீங்கள் எழுதியது.

ஆகவே சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். குழாய் சரியாக வரவில்லை. நீங்கள் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். நான் தைரியமாகத்தான் இருக்கிறேன். ரெண்டு வருஷம் என்ன பெரிய விஷயம், கண்ணை மூடித் திறப்பதற்குள் போய்விடும். போன ரெண்டு வருஷம் அப்படிப் போகவில்லை என்பது வேறு விஷயம். எப்படி வராமல் போனது என்பதை மட்டும் நடந்தது நடந்தபடி எழுதிவிடுகிறேன். பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்த பெண்டாட்டி இருக்கிறாள், அவள் பார்த்துக்கொள்வாள் என்று அங்கே எல்லோரிடமும் பெருமையடித்திருப்பீர்கள், அவர்களுக்கும் ஏதாவது பதில் சொல்ல வேண்டும் அல்லவா.

மணியாச்சிக் கருத்தையா அண்ணன் லீவில் வந்தபோது நீங்கள் கொடுத்துவிட்ட, அங்கே கம்பெனியில் நீங்கள் பூசுகிற அதே செராமிக் பூச்சு டின், துப்பாக்கி மாதிரி இருக்கிற அந்த ஸ்ப்ரே, வெள்ளைக் கையுறை, ரெண்டு பக்கக் குறிப்பு எல்லாம் பத்திரமாக வந்து சேர்ந்தன. அண்ணன் போகிற போக்கில், "மாப்ள கொஞ்சம் எளச்சுட்டாரு" என்று ஒரு சொல் சொல்லிவிட்டுப் போனார். அத்தை அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. நான் சாப்பிட்டேன், செல்வி பால் குடிக்கிறாளே, ஆனால் என்ன சாப்பிட்டேன் என்று கேட்டால் தெரியாது. அடுத்த வாரமே பெங்களூரிலிருந்து குழாய் லாரி ஆபீசில் வந்து இறங்கியது. பெட்டியைப் பிரித்ததும் அத்தை கன்னத்தில் கை வைத்துவிட்டார்கள். "ஏட்டி, என்னட்டி இது, பசுமாட்டு மடி மாதிரி நாலு காம்போட இருக்கு?" நான் விளக்கினேன். பெங்களூரில் ரிட்டயர்டு ஆன ஒருவர் கார் நிறுத்துகிற கொட்டகையில் வைத்துச் சொந்தமாக ஒரு சின்ன விமானம் கட்டுகிறார், இது அதன் எஞ்சினில் இருந்து புகை வெளியே போகிற குழாய், நாலு வாயில் வாங்கி ஒரு வாயில் விடும், சும்மா விட்டால் சூட்டில் பழுத்து வெடித்துவிடும், பக்கத்தில் ஓடுகிற பெட்ரோல் டியூபையும் சுட்டுவிடும், அதற்குத்தான் உங்கள் மகன் செராமிக் பூசச் சொல்லியிருக்கிறார், பூசிவிட்டால் சூடு உள்ளுக்குள்ளேயே ஓடி வெளியே போய்விடும் என்று குறிப்பில் இருந்ததை எல்லாம் அப்படியே ஒப்பித்தேன். அத்தை முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்கள். "வீட்ல வச்சா ஏரோப்ளேன் கட்டுதாரு? அவரு பொண்டாட்டி ஒண்ணும் சொல்லலியா?"

முதல் தொல்லை செல்வியிடமிருந்து வந்தது. அப்பா அனுப்பியது, அப்பா அனுப்பியது என்று அத்தை சொல்லிச் சொல்லிக் காட்டியதில் பிள்ளை ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள். அதுதான் அப்பா. போட்டோவில் இருக்கிற நீங்கள் அவளுக்கு எட்டாத உயரத்தில் சுவரில் மாட்டியிருக்கிறீர்கள், குழாய் தரையில் இருந்தது, அவளைச் சொல்லிக் குற்றமில்லை. காலையில் எழுந்ததும் தத்தித் தத்திப் போய் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு நாலு வாயிலும் வரிசையாக முத்தம் வைக்கிறாள். ஒரு வாயில் தோசையையும் ஊட்டிவிட்டாள். உங்கள் குறிப்பிலோ கைரேகை கூடப் படக் கூடாது, எண்ணெய்ப் பசை இருந்தால் பூச்சு பிடிக்காது, மணல் அடிப்பதற்கு முன் அசிட்டோன் போட்டுத் துடை என்று அடிக்கோடு போட்டு எழுதியிருக்கிறீர்கள். அசிட்டோனுக்கு எங்கே போவது? ஃபேன்சி ஸ்டோரில் நகப்பூச்சு அழிக்கிற மருந்து ஆறு பாட்டில் வாங்கினேன். கடைக்காரர் என் நகத்தைப் பார்த்தார், பாட்டிலைப் பார்த்தார், "கல்யாண வீடாம்மா?" என்றார். வீட்டுக்கு வந்து பிரித்தால் அதில் நகம் வறளாமல் இருக்க எண்ணெய் கலந்திருக்கிறது, ரோஜா வாசம் வேறு. கடைசியில் நான் படித்த காலேஜுக்கே போய், லேப் அட்டெண்டர் நல்லக்கண்ணு அண்ணாச்சியிடம் கெஞ்சி ஒரு சின்னச் சீசாவில் வாங்கி வந்தேன். "படிக்கும்போது பியூரெட்ட ஒடச்ச பிள்ளதான நீ?" என்று நினைவு வைத்துக் கேட்டார். சீசா காலியாகும் வரை துடைத்தேன். அத்தான், இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். உங்களுக்கு என்று பிள்ளை பத்து நாளாகக் கொடுத்த முத்தம் அத்தனையையும் என் கையால் துடைத்து எடுத்தேன்.

காற்றின் வேகத்தில் மணலைப் பீய்ச்சி, பூச்சு பிடிக்கிற மாதிரி இரும்பைச் சொரசொரப்பாக்குகிற அந்த மணல் அடிக்கத் தூத்துக்குடிக்குத்தான் போக வேண்டியிருந்தது, அங்கேதான் கப்பல் சாமான்களுக்கு அடிக்கிற பட்டறை இருக்கிறது. உங்கள் வெள்ளை வேட்டி ஒன்றில் குழாயைச் சுற்றி, கையுறை மாட்டி, மடியில் அணைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். ஒரே கூட்டம். ஒரு பெரியம்மா என்னைப் பார்த்ததும் பக்கத்தில் இருந்த ஆளை அதட்டி எழுப்பினார்கள். "எந்திருமய்யா, பச்சப்பிள்ளக்காரி நிக்கா, ஒமக்குக் கண்ணு தெரியலயா?" நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். கால் வலித்தது, உட்கார்ந்துவிட்டேன். எட்டயபுரம் தாண்டுகிற வரைக்கும் நல்லபடியாகப் போயிற்று. "பிள்ள சத்தமே காட்டலியே, நல்ல பிள்ள" என்றார்கள். "ஆமாம்மா" என்றேன். "எத்தன மாசம்?" "பதினாலு." செல்வியின் மாதம்தான் வாயில் வந்தது. அதற்குள் ஒரு பள்ளத்தில் பஸ் தூக்கிப்போட, உள்ளே குழாய் கணீரென்று கம்பியில் மோதியது. பெரியம்மா பதறி, "ஏட்டி, மூஞ்சிய இப்பிடி மூடலாமா, மூச்சு முட்டிராதா" என்று வேட்டியை விலக்கிவிட்டார்கள். உள்ளே நாலு வாய். அத்தான், அந்த முகம் போன போக்கை எழுத எனக்குத் தெரியவில்லை. "இது என்னதுத்தா?" என்றார்கள் மெதுவாக. "ஏரோப்ளேன் சைலன்சர்" என்றேன். சுற்றி நாலு சீட்டும் திரும்பிப் பார்த்தது. "வீட்டுக்காரரு எங்க?" "வெளிநாட்டுல." "போயி எத்தன வருசம்?" "ரெண்டு." "அதான" என்றார்கள். என் தலையைத் தடவிக்கொடுத்து, பையிலிருந்து ஒரு கடலை மிட்டாயை எடுத்து என் கையில் வைத்து, வேட்டியை மறுபடி குழாய்க்கு இழுத்து மூடிவிட்டார்கள். பைத்தியம் என்று நினைத்துவிட்டார்கள் என்று எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. தூத்துக்குடி வருவதற்குள் ஏனோ அந்தக் கடலை மிட்டாயைக் கடிக்க முடியவில்லை.

பட்டறையில் மணல் அடித்து முடித்ததும் குழாய் சாம்பல் நிறத்தில் பூனை நாக்கு மாதிரி சொரசொரப்பாக, பார்க்க அழகாக இருந்தது. இனிமேல் துடைக்கக் கூடாது, துணி நூல் மாட்டிக்கொள்ளும், தொடவும் கூடாது, அன்றைக்கே பூசிவிட வேண்டும் என்பது உங்கள் குறிப்பு. புதுப் பழுப்புத்தாளில் சுற்றி வாங்கிக்கொண்டு சனிக்கிழமை சாயங்காலம் வந்து சேர்ந்தேன். அன்றைக்கே பூசியிருப்பேன். ஆனால் பூசிய கையோடு சுட வேண்டுமே. நம் ஊரில் அவ்வளவு பெரிய அடுப்பு பேக்கரி வேல்சாமி அண்ணாச்சியிடம்தான் இருக்கிறது. அவர், "ஆயுத பூஜ வருதும்மா, அடுப்ப அணச்சு வெள்ளையடிச்சுப் போட்டிருக்கேன், வருசத்துல அதுக்கும் நாலு நாளு ஓய்வு வேணும்லா, புதங்கெழம கொண்டா" என்று சொல்லிவிட்டார். சரி என்று குழாயைப் பிரிக்காமல் பீரோ மேலே ஏற்றி வைத்தேன். திங்கட்கிழமை ஆயுத பூஜை. அன்று காலையில் பார்த்துச் செல்விக்கு நல்ல காய்ச்சல். டாக்டர் வீட்டில் பூஜை முடிந்து அவர் வெளியே வருவதற்குள் மதியமாகிவிட்டது. நான் வீட்டுக்கு வந்தபோது அத்தை எல்லாவற்றையும் முடித்து வைத்திருந்தார்கள். மண்வெட்டி, பண்ணரிவாள், தையல் மெஷின், உங்கள் டி.வி.எஸ். ஐம்பது, இஸ்திரிப் பெட்டி, என் காலேஜ் புத்தகங்கள் எல்லாம் வரிசையாகப் பொட்டு வைத்துக்கொண்டு பொரிகடலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தன. குழாய் பீரோ மேலே பழுப்புத்தாளுக்குள்தான் இருந்தது. அதை நான் நிமிர்ந்து பார்த்து நிச்சயப்படுத்திக்கொண்டேன். இந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

புதன்கிழமை விடியற்காலை பேக்கரிக்குப் போனேன். பக்கத்துப் பஞ்சர் கடைக் கம்ப்ரஸரிலிருந்து ஸ்ப்ரேக்குக் காற்று இழுத்து, பேக்கரிக் கொல்லையில் கயிற்றில் குழாயைத் தொங்கவிட்டு, வாயில் துணி கட்டிக்கொண்டு ஸ்ப்ரே அடித்தேன். அங்கங்கே லேசாக மஞ்சள் பூத்த மாதிரி தெரிந்தது. தூத்துக்குடி மணலின் நிறம் என்று நானாகவே ஒரு விளக்கம் சொல்லிக்கொண்டேன். அடிக்க அடிக்க அது மறைந்தும் போயிற்று. அடுத்தது அடுப்பு. எண்பது டிகிரியில் அரை மணி நேரம், இருநூற்று அறுபதில் ஒரு மணி நேரம் என்று உங்கள் குறிப்பைப் படித்துக் காட்டினேன். வேல்சாமி அண்ணாச்சி, "டிகிரி எல்லாம் ஒன்ன மாதிரி காலேஜ்ல படிச்சவங்களுக்கும்மா, எங்கிட்ட இருக்கது வர்க்கிச் சூடு, பன்னுச் சூடு, ரொட்டிச் சூடு. ஒனக்கு எது வேணும்?" என்றார். ஒரு பிடி மைதாவை அடுப்புத் தரையில் தூவி, அது சிவக்கிற வரைக்கும் வாய்க்குள் எண்ணிச் சூட்டைக் கண்டுபிடிக்கிறவர் அவர். என்னால் முடிந்த வரைக்கும் கணக்குப் போட்டு, "ரொட்டிச் சூட்டுக்கு மேல, கருகுற சூட்டுக்குக் கீழ" என்றேன். "அப்பிடிச் சொல்லு, இது வெளங்குது" என்றார். ஆனால் ஓய்வு முடிந்து முதன்முதலாகப் பற்றவைக்கிற அடுப்பில் வெறும் இரும்பை வைக்க அவருக்கு மனம் ஒப்பவில்லை. கூடவே ஒரு தட்டு பன்னும் போகட்டும், அப்போதுதான் அடுப்பு கோபித்துக்கொள்ளாது என்று நாற்பது பன்னையும் உள்ளே தள்ளிவிட்டார்.

ஒரு மணி நேரத்தில் பேக்கரி, பஞ்சர் கடை, எதிர்வரிசை, எங்கே மூக்கை வைத்தாலும் பெயிண்ட் வாசம். பன் நாற்பதும் பார்க்க லட்சணமாகத்தான் வெந்து வந்தது. ஆனால் பிய்த்தால் டர்பன்டைன். அண்ணாச்சி ஒன்றை ஆட்டுக்குப் போட்டார், அது மோந்து பார்த்துவிட்டு எங்களையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போஸ்டரைத் தின்னப் போய்விட்டது. அத்தனையையும் குழி தோண்டித்தான் புதைத்தோம். ரொட்டி வாங்க வந்தவர்கள் எல்லாம் வேடிக்கை பார்த்ததில் பத்து மணிக்குள் ஊருக்கே சேதி போய்விட்டது, சோலைராஜ் வெளிநாட்டில் ஏரோப்ளேன் வாங்கிவிட்டார், பெண்டாட்டி இங்கே அதன் சைலன்சரை ரொட்டி அடுப்பில் வைத்துச் சுடுகிறாள் என்று. அடுத்த வீட்டுச் சங்கரம்மாள் மதினி வீடு தேடி வந்து, "பொன்மணி, அண்ணன் வந்து எறங்கும்போது கொஞ்சம் பாத்து எறங்கச் சொல்லு, எங்க மாடியில மொளகாய் வத்தல் காயுது" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நான் மறுத்துச் சொல்லவில்லை. நீங்கள் வந்து இறங்குவதைப் பற்றி ஒருத்தர் பேசுகிறார், அதை எதற்கு நான் மறுக்க வேண்டும்?

அடுப்பிலிருந்து குழாய் வெளியே வந்த நிமிஷத்தை மட்டும் நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வெள்ளியா, வெண்கலமா, சொல்லத் தெரியாத ஒரு பளபளப்பு. அண்ணாச்சியே வாயைப் பிளந்துவிட்டார். "எங்க அடுப்புலயா இது வெந்துச்சு? ஏயப்பா!" வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வருகிற வழி எல்லாம் நான் தரையில் நடக்கவில்லை. கையெழுத்துப் போட மாட்டீர்கள், கார்த்திகைக்கு இங்கே இருப்பீர்கள், கோயில் வாசலில் நீங்கள் சொக்கப்பனை பார்க்கிறபோது செல்வி உங்கள் தோளில் இருப்பாள் என்று வீடு வருவதற்குள் எல்லாவற்றையும் நடத்திப் பார்த்துவிட்டேன். வந்ததும் உங்கள் குறிப்பின் கடைசி வரி. சோதனை. அடுப்பில் காட்டிச் சூடேற்று, பச்சைத் தண்ணீரை ஊற்று, உரியாமல் இருந்தால் ஜெயித்தோம். ஸ்டவ்வில் வைத்துச் சுற்றிச் சுற்றிக் காட்டினேன். தண்ணீரை ஊற்றினேன். சுர்ரென்றது. புகை விலகியது. நாலு காம்பில் ஒவ்வொன்றிலும் மூன்று இடத்தில் பூச்சு வட்டமாக, ஒரு ரூபாய் அளவுக்குக் கழன்று விழுந்துவிட்டது.

அரை மணி நேரம் உட்கார்ந்து யோசித்தேன். காற்றில் ஈரமா, சூடு பத்தவில்லையா, ஸ்ப்ரேயைத் தள்ளிப் பிடித்தேனா என்று படித்ததை எல்லாம் புரட்டினேன். அப்புறம்தான் உறைத்தது. நாலு காம்பு, காம்புக்கு மூன்று, மொத்தம் பன்னிரண்டு வட்டம், எல்லாம் ஒரே அளவு, ஒரே இடைவெளி. எந்த வேதிவினையும் இவ்வளவு ஒழுங்காக நடக்காது. தலையைத் தூக்கி அத்தையைப் பார்த்தேன். அத்தை முகட்டைப் பார்த்தார்கள். "அத்தே, நான் டாக்டர் வீட்டுக்குப் போயிருந்தப்போ இதப் பிரிச்சியளா?" "எதட்டி?" "இத." "லேசாப் பிரிச்சேன்." "பிரிச்சு?" "பொட்டு வச்சேன். ஆயுதத்துக்குப் பொட்டு வைக்காம விட்டா தெய்வக் குத்தம் ஆயிராதா? எம் மவன் சோறு திங்கது இதுல தான. மம்பட்டிக்கு வைக்கேன், அருவாளுக்கு வைக்கேன், இத விட்டுட்டா மனசு கேக்குமா?" "சந்தனம் மட்டும்தான அத்தே?" "இரும்புல குங்குமம் ஒட்ட மாட்டங்குதுட்டி. நல்லெண்ணெய வெரல்ல தொட்டு வச்சு, அதுக்கு மேல சந்தனம், அதுக்கு மேல குங்குமம். நீ வாரதுக்குள்ள சுத்தி மேல ஏத்திட்டேன், மறுநா மறுபடி பிரிச்சு நல்லாத் தொடச்சுட்டுத்தான் சுத்தி வச்சேன். ஒனக்குத் தெரியாண்டாம்னு பாத்தேன்." கத்த வேண்டும் போல இருந்தது. வாயைத் திறந்தேன். அதற்குள் அத்தை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, "இது நல்லா வந்தா அவன் வந்துருவான்னு நீதான சொன்ன? அதுக்காண்டிதான் மத்ததுக்கு எல்லாம் ஒரு பொட்டு வச்சேன், இதுக்கு மூணு மூணாட்டு வச்சேன்" என்றார்கள். இதற்கு மேல் நான் எதைக் கத்துவது? ரெண்டு பேரும் அந்த நாலு காம்பு மடியைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். இப்போதுதான் யார் வேண்டுமானாலும் தொடலாமே.

வேல்சாமி அண்ணாச்சி ஒரு யோசனை சொன்னார். "உரிஞ்ச எடத்துல மட்டும் மேலாக ஒரு பூச்சு பூசி அனுப்பிவிடும்மா, பெங்களூர்க்காரனுக்கு என்ன தெரியவா போகுது, கேக்குல இப்பிடித்தான் ஓட்டய கிரீம் வச்சு மூடுதோம்." நானும் ஒரு நாள் முழுக்க அதை யோசித்தேன் என்பதை மறைக்கவில்லை. ஆனால் கேக் பறக்காது. அந்த மனிதர் அதை மாட்டிக்கொண்டு மேலே போவார், மேலே போனவர் கீழே வர வேண்டும், அவர் கொட்டகை வாசலில் நின்று ஒருத்தி ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு மனிதர் வருவாரா வருவாரா என்று பார்த்துக்கொண்டிருப்பது எப்படி இருக்கும் என்று தெரிந்த நான் அதைச் செய்யலாமா? அதனால்தான் உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன்.

கடைசியாக முறையாக ஒரு தடவை எழுதிவிடுகிறேன். குழாய் சரியாக வரவில்லை. கையெழுத்துப் போடுங்கள். எங்களை நினைத்துத் தயங்க வேண்டாம். செல்வி நடக்கத் தொடங்கிவிட்டாள் என்றாலும் ஓடத் தொடங்கவில்லை, நீங்கள் வருவதற்குள் ஓடுவாள், அதுவும் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். அவளுக்கு எட்டுப் பல். மழலையை டேப்பில் பிடித்துக் கருத்தையா அண்ணன் திரும்பிப் போகும்போது கொடுத்துவிடுகிறேன். தீபாவளிக்கு உங்களுக்கும் சேர்த்து ஒரு வேட்டி எடுத்திருக்கிறேன், எடுக்காமல் இருக்கக் கை வரவில்லை. வெயிலில் வேலை செய்கிறபோது தலையில் துண்டு போட்டுக்கொள்ளுங்கள். இரவில் எந்நேரமும் ஏ.சி.யில் படுக்க வேண்டாம். அத்தை உங்களுக்கு ஆயிரம் ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார்கள், சனிக்கிழமை தவறாமல் எண்ணெய் தேய்த்துக் குளிக்கவும் சொன்னார்கள். எண்ணெய் என்ற சொல்லை அவர்கள் வாயிலிருந்து கேட்டாலே இப்போது நான் அவர்கள் விரலைத்தான் பார்க்கிறேன். உங்கள் அறையில் இருக்கும் ஐவருக்கும் என் வணக்கம்.

உங்கள் நலத்தையே எந்நேரமும் நினைத்திருக்கும்,
பொன்மணி

பின்குறிப்பு: கடிதத்தை மடித்துக் கவரில் வைத்து, ஒட்டப் போகிற நேரத்தில்தான் கேலண்டரைப் பார்த்தேன். இன்றைக்கு இரண்டாம் தேதி. நம் கடிதம் உங்கள் கைக்கு வந்து சேர எப்போதும் பதினோரு நாள். பதின்மூன்றாம் தேதி. காகிதத்தை நீட்டுவது பத்தாம் தேதி. அதாவது நான் இவ்வளவு தூரம் எழுதியது எதுவும் நேரத்துக்கு வந்து சேரப் போவதில்லை. போகட்டும், எழுதாவிட்டாலும் கையெழுத்துப் போட்டுவிடுவேன் என்றுதானே சொல்லியிருக்கிறீர்கள், எப்படியும் அதுதான் நடக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டு கவரை ஒட்ட நாக்கை நீட்டினேன். அப்படியே நின்றுவிட்டேன் அத்தான். நீங்கள் கையெழுத்துப் போட வேண்டும் என்று நான் நிஜமாகவே நினைத்திருந்தால் இந்தக் கடிதத்தை எழுதவே வேண்டியதில்லை. பேசாமல் இருந்தாலே போதும். பிறகு எதற்கு இத்தனை தாள் எழுதினேன்?

மேலே தைரியமாக இருக்கிறேன் என்று எழுதியிருப்பதை அடித்துவிடுங்கள். குழாய் வரவில்லை என்று எழுதியிருப்பதையும் அடித்துவிடுங்கள். பன்னிரண்டு வட்டத்தைத் தவிர மற்ற இடம் எல்லாம் ஸ்டவ்வில் சிவந்தும், தண்ணீரில் சீறியும் இம்மி கூட அசையவில்லை. எண்ணெய் பட்ட இடம்தான் போயிற்று, உங்கள் பூச்சும் நிற்கிறது, என் கையும் சரி, அண்ணாச்சியின் ரொட்டிச் சூடும் சரி. டின்னில் பாதிக்கு மேல் மிச்சம் இருக்கிறது. இதையே மறுபடி மணலடித்து மறுபடி பூசலாம், எனக்குத் தெரியும். எனக்குத் தெரியாதது இன்னொரு ரெண்டு வருஷம்.

ஆகவே இதைத் தபாலில் போடவில்லை. உயிர் போகிற காரியத்துக்கு மட்டும் என்று நீங்கள் துண்டுத்தாளில் எழுதித் தந்த நம்பரை எடுத்துக்கொண்டு இப்போதே ஐ.எஸ்.டி. பூத்துக்குப் போகிறேன். ஆபீசில் போனை எடுக்கிற மலையாளத்துக்காரரிடம், பதறாதீர்கள், யாருக்கும் ஒன்றும் இல்லை, கையெழுத்துப் போடாமல் வரச் சொல்லுங்கள் என்று மட்டும் சொல்வேன். என்ன காரியம் என்று கேட்டால் உயிர் போகிற காரியம்தான் என்பேன்.

கடிதம் பீரோவில் உங்கள் சட்டைக்கு அடியில் இருக்கும். வந்து வாசித்துக்கொள்ளுங்கள்.